கொல்லைப்புறக் குளத்துக்கு ஒரு போர்வை

ஜூன் மாதத்தில் மாண்ட்ரியலில் தரையிறங்கும் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் கீழே குனிந்து பார்க்கலாம். லவால், லாங்கேய், ப்ரோசார் என்று புறநகர் வீடுகளுக்குப் பின்னால் வரிசையாக நீல வட்டங்கள் தெரியும். எல்லாம் வீட்டு நீச்சல் குளங்கள். கனடாவில் இத்தகைய குளங்கள் மிக நெருக்கமாக இருக்கும் மாகாணம் கியூபெக். அந்த வட்டங்களில் பெரும்பாலானவை பள்ளம் தோண்டிக் கட்டியவை அல்ல. புல்தரையைச் சமன்செய்து அதன்மேல் நிறுத்தி வைத்தவை.

இரும்புத் தகட்டிலோ ரெசினிலோ ஆன வட்டச் சுவர், உள்ளே வினைல் லைனர், நாலடித் தண்ணீர், ஒரு பம்ப், ஒரு ஃபில்டர், ஏறி இறங்க ஏணி. இவ்வளவுதான் தரைமேல் நீச்சல் குளம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பரவத் தொடங்கிய இந்த ஏற்பாடு, நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற குளமாக நிலைத்துவிட்டது. தோண்டிக் கட்டும் குளத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும். வீடு மாறினால் கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

சிக்கல், குளம் வாங்கிய பிறகு தொடங்குகிறது.

ஏப்ரல் வரை பனி. மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறையை ஒட்டிக் குளத்தைத் திறப்பார்கள். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு பல வீடுகளில் மூடிவிடுவார்கள். நடுவில் இருப்பது பதினைந்து வாரம். அதிலும் ஜூன் முதல் பாதியில் தண்ணீர் 17, 18 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. காலை நனைத்த குழந்தை அலறிக்கொண்டு ஏணியில் ஏறிவிடும். மாண்ட்ரியலுக்கு மேற்கே டொலார்-டே-ஓர்மோவிலும், டொரண்டோவை ஒட்டிய ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதைதான். கிணற்றடியிலும் பம்ப்செட்டிலும் குளித்து வளர்ந்தவர்கள், கோடைக்காலத்தில் குளத்து நீரைச் சூடாக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உடம்பு கேட்கும் சூடு எவ்வளவு? சர்வதேச நீச்சல் போட்டிகளுக்கான குளங்களில் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்க எரிசக்தித் துறை பொதுவாகச் சொல்வதும் ஏறத்தாழ அதே அளவுதான். வேகமாக நீந்துபவருக்கு 25, 26 போதும். நின்று விளையாடும் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் 27, 28 வேண்டும். ஆக, ஒன்பது டிகிரி ஏற்ற வேண்டும். எரிவாயு ஹீட்டர், ஹீட் பம்ப், சோலார் பலகை, குமிழிப் போர்வை, மிதக்கும் வளையம் என்று கடைகளில் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் இந்த ஒன்பது டிகிரியை விற்கத்தான்.

ஒரு டிகிரிக்கு அறுபது யூனிட்

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுவது நல்லது. பரவலாக விற்கும் அளவு 24 அடி விட்டம். நாலடி ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் 51,000 லிட்டர் பிடிக்கும். ஒரு யூனிட் மின்சாரத்தின் வெப்பம் முழுக்கத் தண்ணீரில் இறங்கினால் 860 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கும். அப்படியானால் இந்தக் குளத்தை ஒரு டிகிரி ஏற்ற 60 யூனிட் தேவை. ஒன்பது டிகிரிக்கு 540 யூனிட்.

நம்மூர் அடுப்படிக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றை முழுவதுமாக ஹீட்டரில் எரித்தாலும் இந்தக் குளத்தின் சூடு இரண்டரை டிகிரிதான் உயரும். ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சமையல் அதில் போய்விடும்.

டிகிரிக்கு அறுபது யூனிட் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். சுவரிலுள்ள சாதாரண பிளக்கில் செருகினால் போதும் என்று சொல்லி விற்கப்படும் ஒன்றரை கிலோவாட் மின்ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் அது கொடுப்பது நாளுக்கு 36 யூனிட், அரை டிகிரியை விடச் சற்றே அதிகம். பத்தடி விட்டமுள்ள காற்றடைத்த குட்டிக் குளத்துக்கு அது உதவும். 24 அடிக் குளத்துக்குப் போட்டால் ஒவ்வோர் இரவும் குளம் இழப்பதை ஈடுகட்டக்கூட அதற்குத் திராணி இருக்காது.

அதே கணக்கு இன்னொரு பிரபலமான வேலையின் பலவீனத்தையும் காட்டிவிடுகிறது. கறுப்பு ரப்பர் ஹோஸைச் சுருட்டி வெயிலில் வைத்து அதன் வழியே தண்ணீரை ஓட்டுவது பலர் செய்து பார்க்கும் சோதனை. மறுமுனையில் கை வைத்தால் சுடச்சுட வரும். செய்தவருக்குப் பூரிப்பாகவும் இருக்கும். ஆனால் நூறடி ஹோஸ் முழுவதும் நிழலின்றி வெயிலில் கிடந்தாலும் சூரியனைப் பார்க்கும் பரப்பு முக்கால் சதுர மீட்டரைத் தொடாது. அதில் நாளுக்குக் கிடைப்பது இரண்டு, இரண்டரை யூனிட். குளம் ஒரு டிகிரி ஏற மூன்று வாரத்துக்கு மேலாகும், அதுவும் இடையில் துளி வெப்பமும் போகாமல் இருந்தால். கையைச் சுடும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவதை விட, வெதுவெதுப்பான தண்ணீர் நிறைய வருவதுதான் குளத்துக்குப் பயன்.

ராத்திரியில் நடக்கும் திருட்டு

வெப்பத்தைக் கொடுப்பவர்களில் முதல்வர் சூரியன். கியூபெக்கின் ஜூன் மாத வெயில் நாளொன்றில் ஒரு சதுர மீட்டருக்கு 6 யூனிட் அளவுக்கு வெப்பம் விழுகிறது. 24 அடிக் குளத்தின் மேற்பரப்பு 42 சதுர மீட்டர். எதிரொளித்துப் போவதைக் கழித்தாலும் 200 யூனிட் உள்ளே இறங்கும். அதாவது மூன்று டிகிரிக்கு மேல், காசு இல்லாமல். அப்படியிருந்தும் மறுநாள் காலை குளம் ஏன் சில்லென்று இருக்கிறது?

வந்தது அத்தனையும் போய்விடுகிறது என்பதுதான் பதில். போகும் வழியை அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டு வைத்திருக்கிறது. திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் 70 சதவீதம் ஆவியாதலில் போகிறது. 20 சதவீதம் வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக வெளியேறுகிறது. மீதி 10 சதவீதம்தான் தரை முதலான மற்ற வழிகளில்.

ஆவியாதல் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை எண்களில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 580 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்கப் போதுமானது. 24 அடிக் குளத்தில் நீர்மட்டம் அரை சென்டிமீட்டர் இறங்கினால் போனது 210 லிட்டர். அதைக் குழாயில் நிரப்பிவிடலாம், செலவு ஒன்றுமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து 140 யூனிட் வெப்பம் போயிருக்கும். குளம் 2.4 டிகிரி குளிர்ந்திருக்கும். பகலெல்லாம் சூரியன் கொடுத்ததில் பெரும்பகுதி அந்த அரை சென்டிமீட்டரில் கரைந்துவிடுகிறது.

இரவில் காற்றின் சூடு 14, 15 டிகிரிக்கு இறங்கும்போது இந்த இழப்பு தடையின்றி நடக்கிறது. காற்று வீசினால் கேட்கவே வேண்டாம். நீர்ப்பரப்பின் மேல் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது இலை அசையும் அளவுக்கு, காற்று அடித்தால்கூடக் குளத்தைச் சூடாக வைக்கும் செலவு 300 சதவீதம் கூடலாம் என்பது அதே துறையின் எச்சரிக்கை. வேலியோ செடி வரிசையோ குளத்துக்குப் பக்கத்திலும் போதிய உயரத்திலும் இருந்தால் காற்று தணியும். ஆனால் அது வெயிலையும் மறைத்துவிடக் கூடாது.

தரைமேல் குளத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தோண்டிக் கட்டிய குளத்தின் சுவரை மண் பொதிந்து வைத்திருக்கும். இதற்கோ சுற்றுச்சுவர் முழுவதும் காற்றில் நிற்கிறது. 24 அடிக் குளத்தில் அது 28 சதுர மீட்டர். மெல்லிய தகடும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத லைனரும்தான் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே. லைனர் மாற்றும் ஆண்டில் அதன் பின்னால் ஃபோம் அட்டை ஒட்டிவிடுவது இதற்காகத்தான். பகலில் வெயில் படும் சுவர் கொஞ்சம் வெப்பத்தை வாங்கியும் தரும் என்பதால் இதில் ஓரளவு ஈடு உண்டு. பெரிய ஓட்டை மேலேதான் இருக்கிறது.

முதல் செலவு

அந்த ஓட்டையை அடைக்கும் பொருள், கடையில் உள்ளவற்றிலேயே மலிவானது. பார்சல் சுற்றி வரும் பபுள் ராப்பைக் கெட்டியாக்கினாற்போல் இருக்கும் குமிழிப் போர்வை. சோலார் பிளாங்கெட் என்று கேட்டால் கொடுப்பார்கள். குமிழிகள் கீழே தண்ணீரைத் தொடும்படி விரித்துவிட வேண்டும். ஆவியாதலை அது நேரடியாகத் தடுக்கிறது. குளத்தைச் சூடாக்கும் செலவைப் போர்வை 50 முதல் 70 சதவீதம் வரை குறைக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. வேறு எந்தக் கருவிக்கும் இந்த அளவு பலன் கிடையாது. கூடவே, ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் 30 முதல் 50 சதவீதமும், மருந்துச் செலவில் 35 முதல் 60 சதவீதமும் மிச்சமாகும் என்றும் அது சொல்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. கறுப்புப் போர்வைதான் அதிகம் சூடாக்கும் என்று நினைக்கிறார்கள். கறுப்பு, வெயிலைத் தானே வாங்கித் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். வெளிர்நீலமோ நிறமற்றதோ வெயிலை ஊடுருவ விட்டு நேரே தண்ணீரில் சேர்க்கும். பகலிலும் மூடிவைப்பவர்களுக்கு அதுவே ஏற்றது.

பழக்கத்தில் தொந்தரவுகள் இல்லாமல் இல்லை. நீள்சதுரக் குளத்தில் போர்வையை உருளையில் சுற்றி எடுக்கலாம். வட்டக் குளத்தில் அது சரிப்படாது. அதனால் அனுபவப்பட்டவர்கள் போர்வையை இரண்டு அரைவட்டங்களாக வெட்டிவிடுகிறார்கள். ஒரே ஆள் நின்று இழுத்துவிடலாம். எடுத்த போர்வையை மடித்துப் புல்தரையில் வெயிலில் போட்டுவிடக் கூடாது. அடுக்கடுக்காகக் கிடக்கும் பிளாஸ்டிக் உள்ளுக்குள் வெந்து குமிழிகள் உருகிப்போகும். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட வேண்டும். அதிக அளவில் குளோரின் போட்ட நாளில், அதன் வீரியம் குறையும் வரை குளத்தைத் திறந்தே வைக்க வேண்டும். இல்லையென்றால் குமிழிகளைக் குளோரின் அரித்துவிடும்.

போர்வை இழுக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு இரண்டு மாற்றுகள் இருக்கின்றன. ஒன்று, ஐந்தடி விட்டத்தில் மிதக்கும் சோலார் வளையங்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது எளிது. ஆனால் வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே திறந்து கிடக்கும் இடத்தில் ஆவி போய்க்கொண்டே இருக்கும். மற்றொன்று திரவப் போர்வை. கொழுப்பிலிருந்து எடுக்கப்படும் ஒருவகை ஆல்கஹால் நீர்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் படலமாகப் பரவும். கண்ணுக்குத் தெரியாது, நீந்தலாம். காற்று பலமாக அடித்தால் படலம் கிழிந்துவிடும். இரண்டுமே முழுப் போர்வைக்கு ஈடாகாது. எதுவுமே இல்லாததற்கு இவை மேல்.

வெயிலைக் கூடுதலாக அறுவடை செய்ய

போர்வை, இருக்கும் வெப்பத்தைக் காக்கும். சீக்கிரம் சூடாக்கவும், செப்டம்பரில் இரண்டு வாரம் நீட்டிக்கவும் கூடுதல் வருமானம் வேண்டும். அதற்கு மிக எளிய வழி கறுப்பு பாலிபுரோப்பிலீன் பலகை. நெருக்கமாக ஒட்டிய நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள், இரண்டு பக்கமும் பருத்த தலைக்குழாய். மேலே கண்ணாடி இல்லை. கோடைக் குளத்துக்குத் தேவைப்படுவது 30 டிகிரிக்கு உட்பட்ட நீர்தான் என்பதால் கண்ணாடி இல்லாமலே இது திறமையாக வேலை செய்கிறது. கலிஃபோர்னியாவில் 1969இல் தொடங்கப்பட்ட ஃபாஃப்கோ நிறுவனம் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. அமெரிக்காவில் நீரைச் சூடாக்கும் சூரியத் தகடுகளில் பெரும்பங்கு இன்றும் நீச்சல் குளங்களுக்கே போகிறது.

எவ்வளவு பலகை வேண்டும்? குளத்தின் மேற்பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை என்பது பொது விதி. நாலடிக்கு இருபதடிப் பலகை மூன்றை வைத்தால் 24 அடிக் குளத்தின் பாதிப் பரப்பு ஆகிவிடும். நல்ல வெயில் நாளில் அவை ஒரு டிகிரியோ ஒன்றரை டிகிரியோ கூட்டிக்கொடுக்கும். தெற்கு பார்த்து வைப்பது சிறப்பு. சற்றுத் திரும்பியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. தரைமேல் குளத்துப் பம்ப் பொதுவாக வலுக்குறைந்தது. மாடிக் கூரை வரை தண்ணீரைத் தூக்கத் திணறும். எனவே தோட்டக் கொட்டகையின் கூரை, வேலி, தரையில் நிறுத்திய சாய்வுச் சட்டம் ஆகியவையே இதற்குப் பொருத்தம்.

பலகை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம். உச்சி வெயிலில் அதைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வாங்கிய வெப்பத்தையெல்லாம் தண்ணீர் கையோடு எடுத்துப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கை சுட்டால் உள்ளே நீரோட்டம் போதவில்லை, அல்லது காற்று அடைத்திருக்கிறது. சூரியன் சாய்ந்ததும் வால்வைத் திருப்பித் தண்ணீர் பலகைக்குப் போகாமல் நிறுத்திவிட வேண்டும். இரவில் ஓடவிட்டால் அதே பலகை வெப்பத்தை வானத்துக்கு வாரி விட்டுவிடும். வெயில் கொளுத்தும் ஊர்களில் குளத்தைக் குளிர்விக்க இதையே உபாயமாகக் கையாள்கிறார்கள். உறைபனி தொடங்குவதற்குள் பலகையில் ஒரு சொட்டு நீரில்லாமல் வடித்துவிடவும் வேண்டும். உள்ளே உறைந்தால் குழாய் வெடிக்கும்.

கியூபெக்கின் செல்லப்பிள்ளை

மேகம் மூடிய வாரத்தில் பலகை கைவிரித்துவிடும். அப்போதும் குளத்தில் இறங்க வேண்டும் என்பவர்களின் தேர்வு ஹீட் பம்ப். ஏ.சி.யை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிவைத்த கருவி இது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி, அழுத்தி, தண்ணீருக்கு மாற்றுகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மட்டும் மாற்றுவதால், ஒரு யூனிட் கொடுத்தால் மூன்று முதல் ஏழு யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும்போது ஏழை நோக்கி ஏறும். குளிர்ந்தால் மூன்றை நோக்கி இறங்கும். 7 முதல் 10 டிகிரிக்குக் கீழே காற்றுக் குளிர்ந்தால் சாதாரண மாடல்கள் பயன்படாது.

தரைமேல் குளங்களுக்கு விற்கும் நடுத்தர அளவு, மணிக்கு 50,000 பிடியூ. ஏறத்தாழ 14.7 கிலோவாட். நாம் கணக்கிட்ட 540 யூனிட்டைக் கொடுக்க அதற்கு 37 மணி நேரம் ஆகும். இடையில் நடக்கும் இழப்பையும் சேர்த்தால் இரண்டு, மூன்று நாள். யூனிட்டுக்கு 11 சென்ட் விலை, ஒன்றுக்கு ஐந்து பலன் என்று வைத்துக்கொண்டால் இந்த முதல் சூடேற்றத்துக்கு 12 டாலர் போதும். அதே வேலையைச் சாதாரண மின்சுருள் ஹீட்டர் செய்தால் 60 டாலரை நெருங்கும். அணைகளிலிருந்து மலிவாக மின்சாரம் கிடைக்கும் கியூபெக்கில் இந்தக் கருவி செல்லப்பிள்ளையானதில் வியப்பில்லை. ஒன்டாரியோவில் வார நாள்களில் மாலை ஏழு முதல் காலை ஏழு வரை மின்சாரம் மலிவு. ஆனால் ஹீட் பம்ப் நன்றாக உழைப்பது பகல் வெப்பத்தில். இரண்டுக்கும் ஒத்துப்போகும் நேரம் வார இறுதி. சனி, ஞாயிறு முழுநாளும் மலிவு விலைதான் என்பதால் அங்கே பெரிய சூடேற்றத்தை அந்த இரு நாளில் வைத்துக்கொண்டால் மின்சார பில் கடிக்காது.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. தண்ணீர் ஓடும் உள்குழாய் டைட்டானியத்தில் இருக்க வேண்டும். குளோரினும் உப்பும் அதை அரிப்பதில்லை. 240 வோல்ட் இணைப்பு தேவை, அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும். சுற்றிலும் காற்று தாராளமாக வந்துபோக இடம் விட வேண்டும். முதல் நாளே கருவிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்துப் பதறிக் கடைக்குப் போன் போடுபவர்கள் அதிகம். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதுதான் அது. சந்தேகமிருந்தால் குளத்து நீரைப் பார்க்கும் சோதனைத் தாளை அதில் நனைத்துப் பார்க்கலாம். குளோரின் காட்டவில்லை என்றால் ஒழுகல் இல்லை.

எரிவாயு: அவசரக்காரருக்கு

வானிலை எப்படியிருந்தாலும், கேட்ட நேரத்தில் சூடு தரக்கூடியது எரிவாயு ஹீட்டர் ஒன்றுதான். தரைமேல் குளங்களுக்கான ஹீட்டர்கள் மணிக்கு 1,00,000 முதல் 1,50,000 பிடியூ வரை எரிக்கும். அமெரிக்காவில் 2013 முதல் குறைந்தது 82 சதவீதத் திறன் கட்டாயம். 1,00,000 பிடியூ ஹீட்டர் நம் குளத்தின் ஒன்பது டிகிரியை ஒரு நாளுக்குள் முடித்துவிடும். தெருவில் இயற்கை எரிவாயுக் குழாய் இருந்தால் இதைப் பற்றி யோசிக்கலாம்.

பார்பெக்யூ அடுப்புக்கு வாங்கும் 20 பவுண்டு புரோப்பேன் சிலிண்டரை இதில் மாட்டலாம் என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தச் சிலிண்டரில் இருப்பது 4,30,000 பிடியூ. நாலேகால் மணி நேரத்தில் காலியாகும். குளம் ஏறியிருப்பது 1.7 டிகிரி. அதோடு, இந்த வேகத்தில் வாயுவை வெளியே விடச் சிறிய சிலிண்டரால் முடியாது. மேலே பனி படர்ந்து, அழுத்தம் குறைந்து, சுடர் தடுமாறும். பெரிய தொட்டி வைத்துத்தான் இதை நடத்த வேண்டும். வார இறுதியில் மட்டும் வந்து தங்கும் ஏரிக்கரை வீட்டுக்கு எரிவாயு பொருந்தும். கோடை முழுக்கத் தினமும் குளத்தில் இறங்கும் குடும்பத்துக்கு அது பணத்தை எரிப்பது.

விறகு மூட்டி, நெருப்புக்குள் செப்புக்குழாய்ச் சுருளை வைத்துத் தண்ணீரை ஓட்டுபவர்களும் உண்டு. பம்ப் நின்றுபோனால் குழாய்க்குள் நீராவி அடைத்து வெடிக்கும் ஆபத்து இதில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

வரிசை மாறினால் வம்பு

எந்த ஹீட்டரானாலும் குழாய் இணைப்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் பம்ப், அடுத்து ஃபில்டர், அதற்கடுத்து ஹீட்டர், கடைசியில் குளோரின் போடும் கருவி. குளோரின் ஹீட்டருக்கு முன்னால் வந்தால் அடர்த்தியான கரைசல் உள்குழாயை அரித்துவிடும். நீர்ப்பரப்பின் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடைக்குள் குளோரின் மாத்திரையைப் போட்டுவைக்கும் பழக்கமும் இதே கெடுதலைச் செய்கிறது. பம்ப் நிற்கும் நேரத்தில் அமிலத்தன்மை ஏறிய நீர் அங்கே தேங்கி, மறுபடி ஓடும்போது நேரே ஹீட்டருக்குள் போகிறது. புதிய ஹீட்டர் சீக்கிரம் ஓட்டையானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த மாத்திரையைத்தான்.

சூடான நீரில் பாசி வேகமாக வளரும், குளோரினும் வேகமாகத் தீரும். ஆகையால் சூட்டை ஏற்றுபவர்கள் நீர்ச் சோதனையையும் அடிக்கடி செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடும்போதும், அதாவது அரை செல்சியஸ் டிகிரிக்கு, எரிசக்திச் செலவு 10 முதல் 30 சதவீதம் உயரலாம். யாரும் இறங்காத நாள்களில் 28ஐ 25க்கு இறக்கி வைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கியூபெக்கின் சட்டம் ஒரு நல்ல வழிகாட்டி. தரைமேல் குளத்தின் சுவர் 1.2 மீட்டர் உயரமாவது இருந்து, ஏணியைக் குழந்தை தானாக ஏற முடியாதபடி அடைத்து வைத்திருந்தால் தனி வேலி கட்டாயமில்லை. ஆனால் ஃபில்டர், ஹீட் பம்ப் போன்ற கருவிகள் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். இணைப்புக் குழாய்களும் வளையக்கூடியவையாக இருக்க வேண்டும். காரணம் எளிது. சுவரை ஒட்டி வைத்த ஹீட் பம்ப், மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு படிக்கட்டு. குமிழிப் போர்வை பாதுகாப்பு மூடியும் ஆகாது. குழந்தை அதன்மேல் விழுந்தால் தாங்காது, சுருண்டு மூடிக்கொள்ளும். பாதி திறந்த போர்வைக்கு அடியில் நீந்திப் போகிறவரை மேலே இருப்பவர்கள் பார்க்கவும் முடியாது. எனவே ஒருவர் காலை நனைப்பதாக இருந்தாலும் போர்வையை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

எதை முதலில் வாங்குவது?

கடைக்காரரிடம் கேட்டால் ஹீட்டரிலிருந்து தொடங்குவார். கணக்கு வேறு வரிசையைச் சொல்கிறது. முதலில் போர்வை. அடுத்து, காற்றுக்கு ஒரு மறைப்பு. இவை இரண்டும் இருந்தும் போதவில்லை என்றால், நல்ல வெயில் விழும் இடமிருப்பவர்களுக்கு சோலார் பலகை. நிழல் சூழ்ந்த வீடு, மலிவான மின்சாரம், தினமும் இறங்கும் பிள்ளைகள் என்றால் ஹீட் பம்ப். எரிவாயு கடைசியில். போர்வை இல்லாத குளத்துக்கு ஹீட் பம்ப் வாங்குவது, கூடாத செலவுகளிலேயே முதலிடத்தில் இருப்பது. அது உற்பத்தி செய்வதில் பெரும்பகுதியை இரவுக் காற்று எடுத்துப் போய்விடும், மறுநாள் மீட்டர் மறுபடி ஓடும்.

பணத்தை எடுக்கும் முன் ஒரே ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி ஏணிப் படியில், பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளிக்குள் நீர்மட்டத்தையும், வெளியே குளத்தின் நீர்மட்டத்தையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் போனது ஆவியாக. அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் உங்கள் குளம் அந்த நாளில் ஏறத்தாழ இரண்டரை டிகிரியை இழந்திருக்கிறது. போர்வை வாங்குங்கள். வாளியை விடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. லைனரை ஒட்டி முடிக்கும் வரை எந்த ஹீட்டரையும் வாங்காதீர்கள்.